இரத்தம் தெறிக்கிற படம் எனக்குப் பிடிக்கிறது, நான் கொடியவளா?

வடமராட்சியிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதிய கடிதம் இது. பெயர், ஊர், வேலை செய்கிற இடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு மூன்று விபரங்களை மாற்றியும் இருக்கிறேன். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

பகலில் கணக்கு வேலை. இரவில் எல்லாரும் படுத்த பிறகு லப்டொப்பில் பேய்ப்படம் பார்ப்பார். கதவு கிறீச்சிட்டுத் திரைச்சீலை ஆடுகிற வகை அவருக்குப் போதாது; கை துண்டாகி விழ வேண்டும், சுவரில் இரத்தம் தெறிக்க வேண்டும். "பார்த்து முடிந்தால் உடம்பு லேசாகி நல்ல நித்திரை வருகிறது டொக்டர்" என்று எழுதுகிறார். ஆனால் தம்பி சைக்கிளால் விழுந்து முழங்கால் கிழிந்து வந்த அன்று, மருந்து கட்ட முடியாமல் தலை சுற்றி விறாந்தையில் போய் இருந்தவரும் இவர்தான். விபத்து வீடியோ யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பினால் திறக்க மாட்டார். மே மாதம் வந்தால் 2009 இன் படங்கள் பேஸ்புக் முழுக்க வரும் என்று போனையே தொட மாட்டார். அந்த 2009 இல் இவருக்கு ஏழு வயது. அம்மாவோடு முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்து வந்த பிள்ளை.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு நாள் இயர்போன் கழன்று, படத்தில் ஒரு பெண் வீரிட்ட சத்தம் வீடு முழுக்கக் கேட்டிருக்கிறது. ஓடி வந்த அம்மா திரையைப் பார்த்தவுடன் வாசல் நிலையைப் பிடித்தபடியே இருந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கேட்டாராம்: "நாங்கள் கண்ணால கண்டது காணாதெண்டோ இதைக் காசு குடுத்துப் பாக்கிறாய்?" பெரியம்மா, பேய்ப்படம் பார்த்துத்தான் பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது, பார்வை பார்க்க வேண்டும் என்கிறார். கலியாணமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பத்து வயதுத் தம்பி சில நாட்கள் இவரோடு இருந்து பார்த்திருக்கிறான், இப்போது லைட் போட்டுக்கொண்டுதான் படுக்கிறான்.

கேள்விகள் மூன்று. நான் கொடியவளா, மனநோயா? யுத்தத்துக்குள் இருந்ததால்தான் இது எனக்குப் பிடிக்கிறதா? அம்மாவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினால் பயம் தெளிந்து பழகிவிடுவாரா?

பிள்ளை,

முதல் கேள்விக்கு உடனே மறுமொழி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தையும் பதறிக்கொண்டுதான் வாசிப்பீர்கள். ஒரு கடிதத்தை வைத்து உங்களுக்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ எந்த வைத்தியரும் எழுதித் தர முடியாது. ஆனால் இரத்தம் தெறிக்கிற படம் பிடிக்கிறது என்பது மட்டும் எந்த நோயின் அறிகுறியும் இல்லை. கொடியவள் என்பதற்குச் சாட்சியும் இல்லை. தம்பியின் முழங்காலைப் பார்த்துத் தலை சுற்றியதை வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள், "படத்தில் தலை போனாலும் பார்க்கிற எனக்கு இது எப்படி, நான் நடிக்கிறேன் என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள்" என்று. நீங்கள் நடிக்கவில்லை. எல்லாமே அதில்தான் பிடிபடுகிறது.

பிடித்தது இரத்தமா, வேலியா?

1994 இல் ஹைட், மக்கோலி, ரோசின் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் மாணவர்களுக்குச் சில வீடியோக்களைப் போட்டுக் காட்டினார்கள். மாடு வெட்டும் இடம், ஒரு பிள்ளையின் முகத்தில் நடக்கும் சத்திரசிகிச்சை என்று எல்லாமே உண்மையாக எடுத்தவை. பிடிக்காவிட்டால் நிறுத்தலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேரளவில் முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள். அதே வயதுப் பிள்ளைகள்தான் இதைவிடப் பத்து மடங்கு இரத்தம் ஓடுகிற படத்துக்கு வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கிறவர்கள். இரத்தத்தைப் பார்க்கத்தான் ஆசை என்றால், உண்மையான இரத்தம் இன்னும் இனித்திருக்க வேண்டுமே.

எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் இன்னும் வடிவாக விளங்கும். அடுத்த வளவு நாய் வேலிக்கு அங்கால் நின்று குரைக்க, இங்கால் நின்று தடியால் வேலியைத் தட்டிச் சிரிக்காத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்காது. நெஞ்சு படபடக்கும், ஓடத் தோன்றும், ஆனாலும் அந்த இடத்தை விட்டுப் போக மனம் வராது. அதே நாய் வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினால் சிரிப்பு அந்தக் கணமே போய்விடும். நாய் மாறவில்லை, குரைப்பு மாறவில்லை. பேய்ப்படத்தில் உங்களுக்குக் கிடைக்கிற சந்தோசம் முழுக்க அந்த வேலியில்தான் தங்கியிருக்கிறது.

அந்த வேலியைப் படம் எடுப்பவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். கெட்டது வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுகிற இசை, உண்மையில் எவரும் நிற்க முடியாத இடத்திலிருந்து பார்க்கிற கமரா, "இது நடிப்பு" என்று உங்கள் மனதின் ஒரு மூலை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பது. ஹிட்ச்காக் 1960 இல் எடுத்த 'சைக்கோ'வில் குளியலறைத் தொட்டியில் ஓடிய இரத்தம் சொக்லேட் பாணி. கறுப்பு வெள்ளைப் படத்தில் அதுதான் அசல் போலத் தெரிந்தது. கத்தி ஏறுகிற சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகும் எங்களுக்கு நெஞ்சு இடிக்கும். உடம்பு ஏமாறுகிறது, மனம் ஏமாறவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இதிலுள்ள ருசி.

உடம்புக்கு என்ன நடக்கிறது?

ஒடியல் கூழ் குடிக்கும்போது பாருங்கள். மிளகாய் உறைத்து மூக்கால் கண்ணால் ஓடும், உதடு எரியும், ஆனால் கை இன்னொரு பிளா கேட்டு நீளும். மேலே சொன்ன ரோசின்தான் இதையும் பல வருடம் ஆராய்ந்தவர். உடம்பு ஆபத்து என்று கத்த, ஆபத்து இல்லை என்று மனதுக்குத் தெரிய, அந்த இடைவெளியில் பிறக்கிற இன்பம் இது என்றார். உறைப்பு, சோகப் பாட்டு, ராட்டினம், பேய்ப்படம் எல்லாவற்றையும் அவர் ஒரே குடும்பத்தில் சேர்க்கிறார்.

"பார்த்து முடிந்தால் உடம்பு லேசாகிறது" என்று எழுதினீர்களே, அதற்கும் விளக்கம் இருக்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது. காட்சி முடிந்தாலும் அந்தக் கிளர்ச்சி உடனே அடங்காது. பயம் போய் ஆறுதல் வந்த பிறகும் உடம்பில் மிஞ்சியிருக்கிற சூடு அந்த ஆறுதலையும் பெருக்கிவிடும் என்று டோல்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் 1970களில் இருந்தே சொல்லி வந்தார். பயம் அளவு மீறினால் இது கிடைக்காது. டென்மார்க்கில் ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து 2020 இல் வெளியிட்ட ஆய்வில், பயம் குறைந்தாலும் சந்தோசம் குறைந்தது, கூடினாலும் குறைந்தது. நடுவில் ஒரு இடத்தில்தான் உச்சம். அந்த நடு இடம் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுடையது கொஞ்சம் மேலே இருக்கிறது, பெரியம்மாவுடையது மிகக் கீழே, அவ்வளவுதான். பெரியம்மா பார்வை பார்க்கக் கூப்பிட்டால் போய்த் திருநீறு போட்டுக்கொண்டு வாருங்கள், அவர் மனம் ஆறும், உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் உங்களை ஏதோ பிடித்திருக்கிறது என்று நீங்கள் நம்பத் தேவையில்லை.

இது வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்றும் நினைக்காதீர்கள். சுமார் 900 வருடங்களுக்கு முன் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள். போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன, செத்தவர்களின் பல்தான் அரிசி, யானைத் தந்தம்தான் உலக்கை. அதைப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இலக்கியமாகப் படிப்பித்தார்கள், நாங்களும் சிரித்துச் சிரித்துத்தான் படித்தோம். கந்தசஷ்டியில் சூரன் போர் பார்க்கப் போகிறோம், சூரனின் தலை கழன்று விழும்போது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தோளில் ஏற்றி வைக்கிறோம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டில், அதாவது உடம்பில் வெளித்தெரிகிற உணர்ச்சிகளில், நகை, உவகையோடு ஒன்றாக அச்சத்தையும் வைத்தார். அச்சம் பிறக்கிற நான்கு இடங்களைச் சொல்லும்போது முதலில் சொன்னது அணங்கு, அதாவது பேய், தெய்வம் போன்று வருத்துகிற சக்தி. எங்கள் சனம் பயத்தைச் சுவைக்கத் தெரிந்த சனம்தான்.

யுத்தம்தான் காரணமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஷெல் சத்தமே கேட்காமல் வளர்ந்த டென்மார்க் பிள்ளைக்கும் இந்தப் படங்கள் பிடிக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் 2009 இன் தலையில் கட்டிவிடாதீர்கள். எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் உண்டு, பிள்ளை சோறு குறையச் சாப்பிட்டாலும் யுத்தம்தான் காரணம் என்று சொல்லுவது. அது சில நேரம் உண்மையைக் காட்டும், சில நேரம் மறைக்கும்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் பலமுறை வாசித்தேன். "படம் பார்க்கும்போது ஸ்பேஸ் பாரில் விரல் வைத்தபடிதான் இருப்பேன், ஆனால் நிறுத்துவதில்லை." பங்கருக்குள் இருந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் நிறுத்துகிற பொத்தான் எதுவும் இருக்கவில்லை. பயத்தைத் தன் கையில் வைத்து, தான் நினைத்த நேரத்தில் தொடக்கி, தான் நினைத்த நேரத்தில் முடிப்பது சிலருக்கு ஒரு பலத்தைத் தருகிறது. கோல்டன் ஸ்கிரிவ்னர் என்ற ஆய்வாளர் பேய்ப்பட ரசிகர்களை மூன்று வகையாகப் பிரிக்கும்போது, உலகத்தின் பயங்கரத்தைச் சமாளிக்கவே இதைப் பார்க்கிறவர்கள் என்று ஒரு வகையைச் சொன்னார். கொரோனாக் காலத்தில் இந்த ரசிகர்களிடம் மனக்கலக்கம் குறைவாக இருந்ததாகவும் அவர் குழு 2021 இல் எழுதியது. படம் பார்த்ததால்தான் குறைந்தது என்று அதிலிருந்து முடிவெடுக்க முடியாது, முதலே திடமான ஆட்கள்தான் அந்தப் படங்களைப் பார்க்கிறார்களோ என்னவோ.

உங்களுக்கு இது பலம் தருகிறதா, பழைய புண்ணைக் கிளறுகிறதா என்பதை நீங்களே கவனிக்கலாம். படம் முடிந்ததும் அது முடிந்துவிடுகிறதா, அல்லது வேலை நேரத்திலும் காட்சி தானாக வந்து நிற்கிறதா? கனவில் வருவது படத்தின் பேயா, அந்த முள்ளிவாய்க்கால் கடற்கரையா? பட்டாசுக்குத் திடுக்கிடுவது கூடியிருக்கிறதா? ஒன்றும் உணராமல் மரத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பார்க்கிறீர்களா? இதில் ஒன்றுக்கேனும் ஆம் என்றால், படத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு ஒரு உளவளத்துணையாளரிடம் போங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் எழுதாமல் விட்டதும் இருக்கும்தானே.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, அதையும் நேராகச் சொல்ல வேண்டும். கோபம் வந்த நாளில் இதைப் பார்த்தால் கோபம் வடிந்துவிடுகிறது, அதனால் இது ஒரு மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். இது பலர் நம்புகிற விஷயம், ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கவில்லை. 2002 இல் வந்த புஷ்மனின் ஆய்வில், தங்களைக் கோபப்படுத்திய ஆளை நினைத்துக்கொண்டு குத்துப் பையில் குத்தியவர்களுக்குக் கோபம் கூடித்தான் இருந்தது. உங்களுக்குக் கிடைப்பது கவனம் திரும்புகிற ஆறுதல். அது கெட்டதில்லை, ஆனால் யாரோடு கோபமோ அவரோடு கதைக்க வேண்டியதை அது தீர்த்துவிடாது.

இரண்டாவது, மரத்துப்போதல். 1980களில் லின்ஸ், டொனர்ஸ்டைன் முதலானோர் இளம் ஆண்களுக்குத் தொடர்ந்து சில நாட்கள் பெண்களைத் துரத்திச் சிதைக்கிற படங்களைக் காட்டினார்கள். நாள் போகப் போக அவர்களுடைய கலக்கம் குறைந்தது. பிறகு பாலியல் வன்முறை வழக்கு ஒன்றைக் காட்டியபோது, பாதிக்கப்பட்ட பெண் மீதான இரக்கமும் குறைந்திருந்தது. ஆகவே எந்தப் படம் என்பது முக்கியம். பேய் வந்து கையைத் துண்டாக்குவது ஒன்று. ஒரு பெண்ணின் வதையை ரசிக்கச் சொல்லிக் கமராவை அவள் உடம்பில் மேய விடுவது வேறு. அப்படியான படத்தில் உங்கள் மனம் யாருடைய பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். கொல்லுகிறவன் பக்கம் நின்று சந்தோசப்படுகிறதாகத் தோன்றினால் அந்தப் படத்தை மூடிவிடுங்கள்.

உண்மையான வதை வீடியோக்களை இப்போது போலவே திறக்காமல் இருங்கள். அங்கே வேலி இல்லை. அந்த ஆளுக்கும் ஒரு தாய் இருக்கிறார்.

கலியாண விஷயம்: 24 வயது ஆள் தன் லப்டொப்பில் என்ன படம் பார்க்கிறார் என்பதை மாப்பிள்ளை வீட்டுக்கு முன்கூட்டி அறிக்கை கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. மாப்பிள்ளையோடு பழகும்போது, என்ன படம் பிடிக்கும் என்று கதை வரும். அப்போது சாதாரணமாகச் சொல்லுங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்பது உங்களுக்கும் உதவும்.

படத்துக்கு முன்னால் இருந்து தம்பியை இன்றோடு எழுப்பிவிடுங்கள்

இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுகிறேன். பத்து வயதில் அவனுக்கு இது நடிப்பு என்று தெரியும், ஆனால் இரவு இருட்டில் அந்த அறிவு அவனுக்குக் கைகொடுக்காது. உங்களுக்கு இருக்கிற வேலி அவனுக்கு இன்னும் பாதிதான் அடைத்திருக்கிறது. 1999 இல் அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டபோது, சிறு வயதில் பார்த்த பயங்கரக் காட்சி ஒன்றின் பாதிப்பு இன்னும் தங்களிடம் மிச்சம் இருப்பதாகச் சுமார் நான்கில் ஒரு பங்கினர் சொன்னார்கள்.

அவனை ஏசாதீர்கள், பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணாதீர்கள். லைட் எரியட்டும். "உனக்குக் காட்டினது என் பிழை" என்று சொல்லுங்கள், அக்கா வாயிலிருந்து அது வந்தால் பாதிப் பயம் போய்விடும். பகல் நேரத்தில் சோளமாவும் சிவப்புச் சாயமும் சீனிப் பாணியும் கலந்து அவனோடு சேர்ந்து பொய் இரத்தம் செய்து பாருங்கள். அம்மா வீட்டில் இல்லாத நேரமாக, கழுவித் துடைத்துவிடக்கூடிய இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு மூன்று கிழமையிலும் பயம் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அம்மா

கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினால் பழகிவிடுவாரா என்று நல்லெண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், இணையத்தில் வாசித்தும் இருப்பீர்கள். பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கிற சிகிச்சை உண்மையில் உண்டு. அதைப் பயிற்சி பெற்றவர், அம்மாவின் முழுச் சம்மதத்தோடு, அவருடைய சொந்த நினைவுகளைக் கதைக்க வைத்துப் பல வாரங்களாகச் செய்வார். பேய்ப்படத்தைப் போட்டுக் காட்டுவது அந்தச் சிகிச்சை இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பாரிஸில் கிராண்ட் கின்யோல் என்று ஒரு சின்ன நாடக அரங்கு இருந்தது. 1897 இல் தொடங்கியது. கண்ணைத் தோண்டுவது, கழுத்தை அறுப்பது எல்லாம் மேடையிலேயே நடக்கும், சனம் மயங்கி விழுவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூட்டம் குறைந்துகொண்டே போய் 1962 இல் மூடிவிட்டார்கள். போருக்கு முன்பு மேடையில் காட்டுவது நடக்கவே முடியாதது என்று சனம் நினைத்தது, இப்போது எல்லாருக்கும் நடக்கும் என்று தெரிந்துவிட்டது என்ற கருத்தைத்தான் அதன் கடைசி நிர்வாகி சொன்னார். உங்கள் அம்மா கேட்டதும் அதேதான், பிள்ளை. அவருக்கு நாய் வேலிக்கு அங்கால் இல்லை. அந்த வீரிட்ட சத்தம் கேட்டவுடன் அவர் வாசலில் நின்று பார்த்தது உங்கள் படத்தை இல்லை.

அதனால் படம் ஏன் பிடிக்கிறது என்று அவருக்கு விளக்கப் போகாதீர்கள். மேலே நான் எழுதிய ஆய்வு எதுவும் அவருக்கு வேண்டாம். "அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கக் கூடாது அம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். இனிமேல் கழலாத இயர்போன், பூட்டின கதவு, அவர் நித்திரையான பிறகு. அதுவும் அவர் பக்கத்து அறையில் இருக்கிற வீட்டில் உங்களுக்கு மனம் ஒப்பினால்.

கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மா எப்போதுமே விடியற்புறம் மூன்று மணிக்கு எழும்பி, வெளிக்கும் வரை விறாந்தையில் இருப்பார், எங்களுக்கு அது பழகிவிட்டது என்று. முழுக் கடிதத்திலும் வைத்தியராக என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். இத்தனை வருடமாக ஒரு மனிதர் மூன்று மணிக்கு எழும்பி இருப்பது குணமும் இல்லை, வயதும் இல்லை. அதற்கு மருந்தும் உண்டு, கதைக்கிற சிகிச்சையும் உண்டு. காலம் பிந்திவிட்டது என்றும் இல்லை. அரச ஆதார வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் இது இலவசம், உங்களுக்குக் கிட்ட மந்திகை. போக முன் யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். மனநலம் என்ற சொல்லைக் கேட்டு அவர் மறுத்தால், நித்திரை வராததற்குக் காட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. முதல் நாள் நீங்கள் லீவு போட்டுக் கூடப் போங்கள். உள்ளே தனியாகக் கதைக்க வேண்டும் என்று அவர் சொன்னால், எவ்வளவு நேரம் ஆனாலும் வெளியே வாங்கிலில் இருங்கள்.